நாலாவது பாயிண்டு

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. கணக்கு டீச்சரிடம் வாய் காட்டிவிட்டு நானாக நின்றுகொண்டேன், யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் புதைபடிவ எரிபொருள் என்றால் என்ன என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், சொல்வேன். பல கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதையுண்ட தாவரங்கள், விலங்குகள் ஆகியவற்றின் எச்சங்களிலிருந்து உருவானவை புதைபடிவ எரிபொருள்கள். எடுத்துக்காட்டு, நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை வாயு. இயற்கை வாயுவுக்கு முன்னால் ஒரு இருமல் வரும். அதையும் சேர்த்துத்தான் எனக்கு மனப்பாடம்.

நான் மட்டுமில்லை. 2003ஆம் வருஷம் விருத்தாசலத்தில் எங்கள் செராமிக் பட்டறையில் வேலை பார்த்த பதினோரு பெண்களும் பத்தாம் வகுப்பு அறிவியலைக் கரைத்துக் குடித்தவர்கள். பரீட்சை எழுத வேண்டியவள் ஒருத்தி மட்டும்தான் குடிக்கவில்லை. அவள் பெயர் கொளஞ்சி.

பட்டறையில் நாங்கள் செய்தது பீஸ் கட்டை. கரண்டுப் பெட்டியில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் கட்டைதான். மண்மாவில் மண்ணெண்ணெயும் தண்ணீரும் தெளித்துப் பிசறி, இரும்பு அச்சில் கொட்டி, மேலே இருக்கிற திருகுக் கைப்பிடியை ஒரு வீசு வீசி இழுத்தால் பிரஸ் இறங்கி அழுத்தும். திருப்பி விட்டால் கட்டை வெளியே வரும். கொளஞ்சி கைப்பிரஸ்ஸில் நின்றாள். காலை எட்டு மணிக்குப் பிடித்தால் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இழுப்புதான். அவள் வலது தோள் இடது தோளைவிட ஒரு சுற்று பெரியது, ரவிக்கை தைக்கிறவளே சொல்லிச் சிரிப்பாள். பிசிறு சீவிய கட்டையைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சுத் தொட்டியில் முக்கி எடுப்பது என் வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் கையில் மண்ணெண்ணெய் வாடை போகாது. பலாக்கொட்டைக் குழம்பு ஊற்றிப் பிசைந்தாலும் முதல் கவளம் மண்ணெண்ணெய்தான்.

என் பெயர் ஃப்ளோரா. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் ஏழெட்டுக் காரணம் வைத்திருக்கிறேன், ஆளுக்குத் தகுந்த மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுப்பேன்.

கொளஞ்சியின் வீட்டுக்காரன் விருத்தகிரி முன்பு எங்கள் பட்டறையில்தான் சூளைக்காரனாக இருந்தான். பர்னரைப் பற்றவைத்து, உள்ளே தீயின் நிறத்தைப் பார்த்து எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிற வேலை. பன்னிரண்டாவது படித்தவன். பேச்சு மட்டும் கிடையாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் நாலு 'ம்' ஆக இருக்கும். கல்யாணமாகி எட்டாவது மாதம், மங்கலம்பேட்டையில் ஒரு பாய் விசா எடுத்துக் கொடுக்க, மஸ்கட்டுக்குப் போய்விட்டான். அங்கே பெட்ரோல் பங்க்கில் வேலை. ஐந்து வருஷத்தில் இரண்டு முறை வந்தான். இரண்டு தடவையும் வந்த நாளைக் கூட்டினால் நூறு தேறாது. குழந்தை இல்லை. மாமியார் அமிர்தமும் கொளஞ்சியும் மணிமுத்தாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்கு ஜங்ஷன் ரோட்டு மளிகைக் கடைக்குப் போன் வரும். கொளஞ்சி பிரஸ்ஸை நிறுத்திவிட்டு, முகம் கழுவி, தலைகூடச் சீவிக்கொண்டு ஓடுவாள். போனில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால் முறைப்பாள். அவன் கேட்பது நாலே கேள்வி. சாப்பிட்டாயா, அம்மா எப்படி இருக்கிறது, மழை பெய்ததா, சரி வைத்துவிடட்டுமா. கொளஞ்சி திரும்பி வந்து அந்த நாலையும் எங்களிடம் சொல்வாள். நாங்களும் ஏதோ புதுசு மாதிரி கேட்டுக்கொள்வோம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் திரும்பி வரும்போது நடை மாறியிருந்தது. அவள் ஊர் பால்வாடி டீச்சர் அடுத்த வருஷம் ஜூனில் ஓய்வு பெறுகிறார். பத்தாவது பாஸ் செய்த உள்ளூர்ப் பெண்ணுக்குத்தான் அந்த வேலை. ஊரில் அந்த வயதில் பத்தாவது வரைக்கும் எட்டிப் பார்த்தவள் கொளஞ்சி ஒருத்திதான். எல்லாவற்றிலும் பாஸ், அறிவியலில் மட்டும் முப்பத்தொன்று, நாலு மார்க்கில் போனது. இதைப் போனில் சொன்னபோது விருத்தகிரி சொன்னானாம்.

"நீ அத எழுதி பாஸ் பண்ணிடு. அந்த வேல கெடச்சா நான் வந்துடறன். திரும்பி போவ மாட்டன்."

அதை அவள் எங்களிடம் மூன்று தடவை சொன்னாள். அவன் வாழ்நாளிலேயே பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

எழுதுவது சரி, படிப்பது எப்போது. பத்து மணி நேரம் பிரஸ் இழுத்துவிட்டுப் போய்ப் புத்தகத்தைப் பிரித்தால் இரண்டாவது வரியில் தலை சாய்ந்துவிடும். இதையும் அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் கைடு புத்தகத்தை வாங்கி, மங்கலம்பேட்டையிலிருந்து மஸ்கட் போகிற ஆளிடம் கொடுத்துவிடச் சொன்னான். ஏன், என்ன என்று சொல்லவில்லை. இவளும் கொடுத்துவிட்டாள். ஒன்றரை மாதம் கழித்து, லீவில் வந்த ஒருவர் கையில் பார்சல் வந்திருக்கிறது என்று தகவல் வந்தது. துணைக்கு நானும் போனேன்.

மங்கலம்பேட்டையில் அந்த வீட்டம்மா எங்களை உட்கார வைத்து, டீ கொடுத்து, ஒரு பூத்துண்டு மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இரண்டு சோப்பு, ஒரு கோடாலித் தைலம், ஒரு கேசட். கேசட் மேல் நீல மையில் 'அறிவியல்' என்று எழுதியிருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கொளஞ்சி கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு துண்டை மோந்துகொண்டே வந்தாள். சோப்பு வாசனைதானே வரும் என்றேன். இல்லை என்று தலையாட்டினாள்.

விஷயம் இதுதான். பெட்ரோல் பங்க்கில் வண்டி வராத நேரத்தில், அங்கிருந்த சின்ன அறையில் உட்கார்ந்து, விருத்தகிரி அந்தப் புத்தகத்தின் கேள்வி பதிலைப் பூராவும் படித்துக் கேசட்டில் பதிந்து அனுப்பியிருந்தான். கை வேலையாக இருந்தாலும் காது சும்மாதானே இருக்கிறது என்று யோசித்திருக்கிறான். அந்த ஊமையனுக்கு இப்படி ஒரு யோசனையா என்று எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். அவன் முதல் லீவில் கொண்டுவந்திருந்த டேப் ரிக்கார்டரை மறுநாளே கொளஞ்சி பட்டறைக்குத் தூக்கி வந்து, அவள் பிரஸ்ஸுக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தாள்.

போட்டதும் எல்லாரும் கையை நிறுத்திவிட்டோம். எடுத்தவுடன் வாத்தியார் மாதிரி, கேள்வி ஒன்று, என்கிறான். அன்புள்ள என்று ஒரு வார்த்தை, நலமா என்று ஒரு வார்த்தை கிடையாது. கேசட்டில் இடம் வீணாகிவிடும் என்று நினைத்தான் போலிருக்கிறது. ஆனால் குரல் அவன் குரல்தான். சாதுவான, அடித்தொண்டைக் குரல். நடுவில் இருமுவான். டீயை உறிஞ்சுவான். பின்னால் யாரோ மலையாளத்தில் கூப்பிடுவார்கள். கார் ஹாரன் அடிக்கும்.

மேனேஜர் கலியமூர்த்தி முதல் நாள் வந்து, இது பட்டறையா டுடோரியலா என்று சத்தம் போட்டார். மூன்றாம் நாள் அவரே எரிபொருளைச் சேமிப்பது பற்றிய கேள்வியை நின்று கேட்டுவிட்டு, இதைச் சூளைக்காரனுக்குப் போட்டுக் காட்டுங்கள், டீசலைக் குடிக்கிறான் என்றார். விருத்தகிரிக்கு அப்புறம் சூளைக்கு வந்த காத்தவராயனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாதிச் சூளை அடுக்கினாலும் எண்ணெய் முழுச் சூளைக்கு ஆகிறதுதான் ஆகும், நிறையுற வரைக்கும் பொறுக்காமல் கொளுத்தச் சொல்வது யார் என்று திருப்பிக் கேட்டான். மழைக்காலத்தில் சுடாத பச்சைக் கட்டை காயாது, சூளை நிறையாது, ஆனால் சரக்கு கேட்டு நெருக்குவார்கள். அது வருஷா வருஷம் நடக்கிற சண்டை.

எங்களுக்குப் பிடித்தது விசைப் பாடம். வேலை என்பது விசையையும் நகர்ந்த தூரத்தையும் பெருக்குவது. எவ்வளவு விசை கொடுத்தாலும் பொருள் நகராவிட்டால் செய்யப்பட்ட வேலை சுழி. இதைக் கேட்டுவிட்டு, கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத வீராயிக் கிழவி கொதித்துப் போனாள். பொழுதெல்லாம் மண் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால் வேலை இல்லையா, எவன் எழுதியது என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். கொளஞ்சி மட்டும் பிரஸ்ஸைப் பிடித்தபடி, சிரிக்காமல் கேட்டாள்.

"அஞ்சி வருசமா ஒரே எடத்துல ஒக்காந்து ஒரு ஆளுக்குக் காத்திருந்தா அதுவும் சுழிதானாக்கா?"

நான் குனிந்து அடுத்த கட்டையைத் தொட்டியில் முக்கினேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் மாமியாருக்கும் போட்டுக் காட்டினாள். அமிர்தம் டேப்புக்குப் பக்கத்தில் காதை வைத்து முழுப் பக்கமும் கேட்டதாம். எல்லாம் முடிந்ததும், வாத்தியாராட்டம் பேசறான், அம்மான்னு ஒரு வார்த்த வருதா பாரு என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

அக்டோபரில் கொளஞ்சி தனித்தேர்வு எழுதினாள். பாஸ் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. மூன்று மாதமாக ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தக் கேசட் ஓடியிருக்கிறது. மாதா கோவிலில் நான் மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை, எதற்கு வீண் செலவு என்று விட்டுவிட்டேன். டிசம்பரில் மார்க் வந்தது. இருபத்தொன்பது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எடுத்ததைவிட இரண்டு குறைவு. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே அவளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"விசைன்னா என்னாடி? சொல்லு."

"ஓய்வு நிலையில..." என்று ஆரம்பித்தாள். அதோடு நின்றுவிட்டாள்.

"ஓய்வு நிலையிலுள்ள பொருளையோ சீரான இயக்கத்திலுள்ள பொருளையோ தன் நிலையிலிருந்து மாற்றும் அல்லது மாற்ற முயலும் செயல் விசை எனப்படும்" என்று பின்னாலிருந்து வீராயி முடித்தாள். விருத்தகிரி எங்கெங்கே மூச்சு விடுவானோ அங்கங்கே அவளும் மூச்சு விட்டாள்.

"எழுத்தே தெரியாத கெழவிக்கு வருது. ஒனக்கு ஏண்டி வரல?"

கொளஞ்சி முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு இருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"கேக்கறன்க்கா. நாளெல்லாம் கேக்கறன். அந்தக் கேள்விக்கு முன்னாடி அவரு தொண்டைய செருமுவாரு பாருங்க, நான் அதுலயே நின்னுடறன். சளி புடிச்சிருக்குதுபோலன்னு தோணும். அங்க ஏசிலதான படுக்கறாரு, தலைக்கித் துண்டு கட்டிக்கிறாரா இல்லியான்னு ஓடும். கோடாலித் தைலத்த நமக்கு அனுப்பிட்டு அவரு என்னா தடவிக்கிறாருன்னு நெனப்பன். அதுக்குள்ள அவரு நியூட்டன் விதிக்கிப் போயிடறாரு."

"எரிபொருளு?"

"அதுல மூணு பாயிண்டு சொல்லுவாரு. நாலாவதுன்னு ஆரம்பிச்சிட்டு, 'இரு, வண்டி வந்துருக்குது'ன்னு எழுந்து போவாரு. சேரு கிறீச்சுன்னும். செருப்புச் சத்தம் ஏழு தடவ கேக்கும். அப்பறம் ஒண்ணுமே கேக்காது. திரும்பி வந்து, 'எங்க வுட்டன்'னு கேட்டுட்டு அடுத்த கேள்விக்கிப் போயிடுவாரு." அவள் முந்தானை நுனியை விட்டாள். "அந்தக் கேசட்டு பூரா புஸ்தகத்துல இருக்கறதுதான் பேசறாரு. எனக்குன்னு சொன்னது அந்த 'இரு'ங்கற ஒரு வார்த்ததான்க்கா. அதக் கேக்கறதுக்குத்தான் திருப்பித் திருப்பிப் போடறன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேல் கோபமா, அவன் மேல் கோபமா, அப்படி ஒரு குரல் எனக்கென்று எந்தத் தேசத்திலிருந்தும் வராததில் கோபமா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிலைமை இன்னும் மோசமானது. மார்க்கைக் கேட்ட விருத்தகிரி, சரி வுடு, என்றிருக்கிறான். ஜூனில் அவனுக்கு விசா முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறான். கொளஞ்சி வேண்டாம், மார்ச்சில் இன்னொரு தடவை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, மண்மாவு மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். மூன்று வருஷம் போனால் அவளுக்கு முப்பது. அதற்கப்புறம் அவன் வந்து என்ன, வராவிட்டால் என்ன என்று அழுதாள். அழுகிறவரைக்கும் அழட்டும் என்று விட்டேன். அப்புறம் எழுந்துபோய் ஜன்னலிலிருந்த டேப்பைக் கேசட்டோடு எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.

"பரிச்ச முடியிற வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும். நீ என் கொரலக் கேட்டுப் படி. இதக் கேட்டா எவளுக்கும் மனசு அலபாயாது" என்றேன்.

அது உண்மை. மாதா கோவிலில் பாட்டு எடுக்கும்போது என்னை மட்டும் வாயை அசைத்தால் போதும் என்பார் பாட்டு நடத்துகிற கோவில்பிள்ளை.

தை பிறந்ததிலிருந்து பட்டறையில் படிப்பு நாங்கள் சொன்னபடி நடந்தது. நான் கிளேஸ் தொட்டியிலிருந்து கேள்வி கேட்பேன். கொளஞ்சி பிரஸ்ஸை இழுத்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். ஒரு இழுப்புக்கு ஒரு வார்த்தை. ஓய்வு, இழுப்பு. நிலையிலுள்ள, இழுப்பு. பொருளையோ, இழுப்பு. விட்டால் வீராயி எடுத்துக் கொடுப்பாள், பிசிறு சீவுகிறவள் அடுத்ததைச் சொல்வாள். காத்தவராயன் சூளை வாசலிலிருந்து நிலக்கரி, பெட்ரோலியம் என்று கத்துவான். விருத்தகிரியின் குரல் போய்ப் பதினோரு பேர் குரல் ஆனதும் பாடம் கொளஞ்சியின் தலையில் இறங்க ஆரம்பித்தது. மாசி வெயில் தகரக் கூரையில் காய, உள்ளே சூளை காய, நாங்கள் வேர்த்து ஊற்றிக்கொண்டு நியூட்டனின் மூன்று விதிகளையும் கத்திக்கொண்டிருந்தோம்.

எரிபொருள் கேள்வியில் மட்டும் மூன்று பாயிண்டுக்கு மேல் எங்கள் யாருக்கும் தெரியாது. புத்தகம் மஸ்கட்டிலேயே தங்கிவிட்டது. என் தம்பி மகளிடம் அதே புத்தகம் இருந்தது, நாலாவதையும் ஐந்தாவதையும் எழுதி வாங்கி வருகிறேன் என்றேன். கொளஞ்சி தடுத்துவிட்டாள்.

"வேணாங்க்கா. அது அவரு பாதில வுட்டுட்டுப் போனது. அவரே வந்து சொல்லட்டும். நான் கேட்டுக்கறன்."

பைத்தியக்காரத்தனம் என்று திட்டினேன். வேண்டுதல் மாதிரி பிடிவாதமாக நின்றாள். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்றாள். ஆற்றைத் தாண்டி நடந்தே வந்திருக்கிறாள். ஒரு பக்கம் வேண்டாம், அந்த இடம் மட்டும் ஒரு தடவை போடுங்கள் என்று கேட்டாள். முடியாது என்றேன். தண்ணீர் கொடுத்தேன், குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். தெரு முனை திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு நான் கதவைச் சாத்திவிட்டு டேப்பைப் போட்டேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். எதற்குப் போட்டேன் என்றால், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க. என் வீட்டில் அப்பா செத்ததிலிருந்து ஆண் குரல் கேட்டதில்லை. கோழிக் குழம்பு கொதிக்கிற சத்தத்துக்கு நடுவில் அவன், விசை என்பது யாது, என்றான். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பதில் சொன்னேன். அடுத்த ஞாயிறும் போட்டேன். அதற்கடுத்த ஞாயிறும்.

பரீட்சை முடிந்த அன்று கொளஞ்சி ஹால் டிக்கெட்டோடு நேராகப் பட்டறைக்கு வந்தாள். எல்லாரும் சூழ்ந்துகொண்டோம். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு, எரிபொருள் கேள்வி வந்திருந்தது என்றாள். புதைபடிவ எரிபொருள்களைச் சேமிக்கும் ஐந்து வழிகளை எழுதுக.

"ஐயோ, மூணுதான தெரியும்?"

"மூண எழுதிட்டன். நாலாவதுக்கு நம்ம சூளையப் போட்டன்க்கா. சூளைய பாதி அடுக்கி எரிக்கக் கூடாது, நெறையிற வரைக்கும் பொறுத்திருந்து எரிச்சா எண்ணெ மிச்சமாவும்னு எழுதனன்."

காத்தவராயன் கைதட்டினான். மேனேஜர் காதில் விழட்டும் என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

"அஞ்சாவது?"

கொளஞ்சி முகம் சிவந்துபோய்ச் சிரித்தாள். "ஊரவுட்டு வெளிய போனவங்கல்லாம் ஊருக்கே திரும்பி வந்துட்டா போக்குவரத்து கொறையும், பெட்ரோலு மிச்சமாவும்னு எழுதிட்டு வந்துட்டன்."

வீராயி அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். எந்த ஊர் வாத்தியார் அதைத் திருத்தினாரோ, எத்தனை மார்க் போட்டாரோ தெரியாது. மே கடைசியில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நம்பரைத் தட்டிப் பார்த்தோம். நாற்பத்தாறு. கொளஞ்சி அந்தக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் மேலும் மண்ணெண்ணெய் வாடை, என் மேலும் மண்ணெண்ணெய் வாடை.

விருத்தகிரி சொன்ன சொல் தவறவில்லை. ஆடியில் பெட்டியோடு வந்து இறங்கினான். தலையில் பாதி நரைத்திருந்தது. ஆவணியில் கொளஞ்சிக்குப் பால்வாடி வேலைக்கு ஆர்டர் வந்தது, பிரஸ்ஸை விட்டுவிட்டுப் போனாள். காத்தவராயன் நெய்வேலிப் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட, விருத்தகிரி பழையபடி எங்கள் சூளைக்கே வந்து சேர்ந்தான். பேச்சு முன்னைவிட ஒன்றும் கூடவில்லை. அதே பத்து வார்த்தை. ஒரு நாள் கிளேஸ் தொட்டிப் பக்கம் வந்து, கட்டை காஞ்சிடுச்சாக்கா, என்று கேட்டான். பக்கத்தில் நின்று அந்தக் குரல் கேட்டதும் என் கையிலிருந்த தட்டு நழுவி இருபது கட்டை உடைந்தது. மேனேஜர் கத்தினார். வயதாகிறது இல்லையா என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

டேப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தெரியாமலில்லை. துணியில் சுற்றிப் பையில் வைப்பேன். ஆற்றுப் பாலம் வரைக்கும் போவேன். இன்னும் ஒரு ஞாயிறு போகட்டும் என்று திரும்பி வந்துவிடுவேன். அவளும் கேட்கவில்லை. ஆளே வந்துவிட்ட பிறகு கேசட் எதற்கு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, மத்தியானம். டேப் ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் துண்டை எடுத்து அதன்மேல் போட்டுவிட்டுப் போய்த் திறந்தேன். கொளஞ்சி. புதுப் புடவை, மல்லிகைப் பூ, மூன்று மாதம் என்று முகமே சொன்னது. உட்கார வைத்து, வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டுமா என்று கேட்டு, கருவாடு வறுத்துப் போட்டேன். பால்வாடிப் பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேசினாள். மாமியார் இப்போது மகனிடம் பேசுவதை விட்டுவிட்டு வயிற்றுப் பிள்ளையோடு பேசுகிறதாம். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்கறாரு. சாப்ட்டியாம்பாரு. மழ வருமாம்பாரு" என்று சிரித்தாள். "நேர்லயும் அந்த நாலு கேள்விதான்க்கா. ஆனா பக்கத்துலயே ஒக்காந்து கேக்கறாரு."

அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "அந்தக் கேசட்டு..."

"அது அறுந்து போச்சிடி" என்றேன். அத்தனை வேகமாக ஒரு பொய்யை நான் சொன்னதே இல்லை. "டேப்பு சிக்கி, இழுத்தன், அறுந்துடுச்சி. சொல்லணும்னு இருந்தன்."

கொளஞ்சி என்னைப் பார்க்கவில்லை. அலமாரித் தட்டைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். துண்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. டேப்பின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, உள்ளே கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"போனாப் போவுது, வுடுங்க" என்றாள் அவள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "இதக் குடுக்கத்தான் வந்தன். அவருகிட்ட கேட்டுட்டன், நாலாவதும் அஞ்சாவதும். ஒங்களுக்கும் அது தெரியாமயே நின்னுபோச்சில்ல. அவரு கையாலயே எழுதிக் குடுக்கச் சொன்னன்."

அவள் பூவில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டு, போயிட்டு வரன்க்கா, என்று இறங்கி நடந்தாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, கேசட்டைப் பின்னால் ஓட்டி, சத்தத்தைக் கூட்டினேன். ஒன்று, வண்டி நிற்கும்போது எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். இரண்டு, பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்த வேண்டும். மூன்று, சூரிய ஆற்றல், காற்றாற்றல் போன்ற மாற்று ஆற்றல்களைப் பயன்படுத்த வேண்டும். நாலு... இரு, வண்டி வந்துருக்குது. சேர் கிறீச்சிட்டது. செருப்புச் சத்தம் ஏழு தடவை கேட்டது. அந்த 'இரு' எனக்குச் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இத்தனை ஞாயிறும் இருந்தேன்.

டேப்பை நிறுத்திவிட்டுக் காகிதத்தைப் பிரித்தேன். நீல மையில் சின்னச் சின்ன எழுத்து. எழுத்துக் கூட்டி, சத்தமாக, என் காக்காய்க் குரலில் படித்தேன். நான்கு, சக்கரங்களில் காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து, குறைந்த தூரங்களுக்கு நடந்தே செல்ல வேண்டும்.

படித்துவிட்டு டேப்பை மறுபடியும் போட்டேன். அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். எங்க வுட்டன், என்றான். தொண்டையைச் செருமினான். அடுத்த கேள்வி, விசை என்பது யாது?

நான் சொன்னேன்.